நீள்பந்துக் கிளப்புக்கு ஆள் பிடித்த கதைகள்

ஒரு விளையாட்டுக் கிளப்புக்கு ஆள் சேர்க்கிறவனுடைய வேலையில் பாதி, சேர்ந்தவர்களை வழியனுப்புவதுதான். ஊர்ச் சங்கத்திலோ கோயில் சபையிலோ பழைய மாணவர் சங்கத்திலோ செயலாளராக இருந்து, பொதுக்கூட்டத்தன்று வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நீங்களும் என் ஆள்தான்.

பகலில் நான் தெற்கு லண்டனில், நோர்பரியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். மூக்குக் கண்ணாடி அளந்து கொடுப்பது என் பிழைப்பு. கலியாணத்துக்கு முன் ஆறு வருடம் மெல்பேணில் இருந்தேன். அங்கே பிடித்த வியாதிதான் இந்த அவுஸ்திரேலியப் பந்து. முட்டை வடிவத்தில் நீளமான பந்து, கையில்லாத பெனியன், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், ஆளின் தோளில் ஆள் ஏறிப் பந்தை எட்டிப் பிடிக்கிற விளையாட்டு. லண்டனுக்கு வந்தபின் ஒரு சனிக்கிழமை, பக்கத்தில் மிச்சம் என்கிற ஊரில் டிராமுக்குப் போகிற வழியில், அதே பந்து வேலிக்கு மேலால் வந்து என் முன்னே விழுந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். நின்று இரண்டு கதை கதைத்தேன். அடுத்த வருடம் என்னை வீரர் பதிவுச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பத்து வருடமாகிறது.

எங்கள் கிளப் பாதி தொழில், பாதி பொழுதுபோக்கு. வருகிறவனுக்கு ஓர் அறையும் ஒரு வேலையும் தேடிக் கொடுப்போம். வாரநாளில் அவன் கட்டட வேலையோ பள்ளிக்கூட வேலையோ செய்வான், சனிக்கிழமை எங்களுக்கு விளையாடுவான். பெரும்பாலும் இரண்டு வருட விசாவில் வந்த அவுஸ்திரேலியப் பெடியன்கள். பயிற்சியாளர் கிரெக் மட்டும் இருபது வருடமாக இங்கேயே இருக்கிறார். குகதாசன் என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாததால் கிளப் முழுவதற்கும் நான் 'குக்'. கீழே சொல்வதெல்லாம் போன வருடம் ஒரே பருவத்தில் நடந்தவை. அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

பதினொரு நாள்

பங்குனியில் லியம் வந்தான். இருபத்திரண்டு வயது, செம்மறிப் பண்ணையில் வளர்ந்தவன். ஐந்து மாதம் தொலைபேசியில் கதைத்து, தாயோடும் ஒருமுறை கதைத்து, நான் பிடித்த ஆள். நோர்பரியில் பேசி வைத்த அறை ஆயத்தமாக இல்லாததால் எங்கள் வீட்டிலேயே தங்கினான். கட்டிலுக்கு வெளியே அவனுடைய கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கும். என் மனைவி சுகந்தி வைத்ததெல்லாம் சாப்பிட்டான். புட்டுக்கு இரண்டாம் தரமும் கோப்பையை நீட்டினான். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலைக்கும் போகத் தொடங்கினான். ஆனால் சாப்பிட்ட கையோடு வாசல் கதவைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நிற்பான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு சுவர் வந்து மறிக்கிறது என்பான்.

பதினோராம் நாள் காலை படிக்கட்டில் ஜாக்கெட்டும் போட்டுப் பையும் கட்டி உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. ஒரு போட்டிகூட விளையாடவில்லை. அவன் பெயர் போட்ட பெனியன் உறை பிரிக்காமல் என் காரில் கிடந்தது. நான் கோபப்பட ஆயத்தமாகித்தான் இறங்கி வந்தேன். அவன் "சொறி குக்" என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் கோபம் எங்கேயோ போய்விட்டது. விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்து சுகந்தியிடம், ஐந்து மாதப் பாடு வீணாய்ப் போய்விட்டது, இந்தக் காலத்துப் பெடியனுக்கு ஒரு தாக்குப்பிடிப்பு இல்லை என்று புறுபுறுத்தேன். அவள் அவனுடைய படுக்கை விரிப்பை உருவிக்கொண்டே சொன்னாள்:

"நாங்கள் வந்த நேரம் திரும்பிப் போறதுக்கு ஒரு இடம் இருந்திருந்தா, நானும் பதினோராம் நாள் போயிருப்பன்."

ஷெரல்

இந்த விளையாட்டில் ஒருவன் கிளப் மாறுவதென்றால் பழைய கிளப் சம்மதிக்க வேண்டும். கணினியில் அவர்களுடைய செயலாளர் ஒரு பொத்தானை அமத்தினால்தான் அவனை நான் பதியலாம். லியம் விட்டுப்போன இடத்துக்கு ஜேக் என்று ஒருவனைப் பிடித்தேன். நல்ல கோல் உதைக்கிறவன். அவன் விட்டு வந்தது கோதுமை விளைகிற ஒரு சின்ன ஊரின் கிளப். மூன்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. சித்திரையில் ஒரு காலை, நான் கடைக்கு வெளிக்கிடுகிற நேரம், தொலைபேசி வந்தது. ஷெரல் என்கிற அம்மா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், முப்பது வருடமாக அந்தக் கிளப்பின் செயலாளர். நான் சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். அவர் முதலில் கேட்டது, ஜேக் சாப்பிடுகிறானா, இடது தோள்மூட்டு எப்படி இருக்கிறது என்று.

பிறகு சொன்னார்: அவர்களுடைய சங்கத்தில் ஒரு பருவத்துக்குப் பதினெட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். ஜேக்கோடு பதினெட்டு. அவன் இல்லாவிட்டால் பதினேழு. மழை இல்லாத மூன்று வருடத்தில் ஊரில் பாதிப் பேர் காணியை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். போன தையில் ஒரு கார் விபத்தில் இரண்டு பெடியன்கள் செத்தார்கள், ஒருவன் ஜேக்கின் தம்பி. அதனால்தான் ஜேக் ஊரை விட்டே வெளிக்கிட்டவன். இது எதுவும் அவன் என்னிடம் சொல்லவில்லை. அப்போது நான், வேண்டாம் அம்மா, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை முதல் போட்டி. நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையை அவனுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், இன்றுவரை சொல்லவில்லை. முதல் போட்டியில் அவன் நாலு கோல் உதைத்தான். தொலைபேசியை வைக்கமுன் அந்த அம்மா சொன்னது இதுதான்:

"அமத்திப் போட்டன். இனி உங்களுக்கு என்னட்டை ஒண்டும் கேட்க வேண்டி வராது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளப்பைப் பூட்டித் திறப்பைக் கவுன்சிலிட்டைக் குடுக்கிறம்."

மூன்றாவது அடி

எங்கள் கப்டன் நேதன். முப்பத்தொரு வயது, தச்சு வேலை. இங்கத்தைப் பெண் எம்மாவைக் கட்டித் தங்கிவிட்டதால் அங்கேயிருந்து வந்து விளையாடுகிறவர்களில் விசாப் பயமில்லாத ஒரே ஆள். ஏழு வருடம் எங்களோடு. வைகாசியில் ஒரு போட்டியில் முழங்கை ஒன்று அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. உடனே எழும்பிவிட்டான். எழும்பி நின்று, நாங்கள் உதைக்க வேண்டிய கோலைக் காட்டி, அதற்குக் காவல் நில்லுங்கள் என்று எங்கள் ஆட்களுக்கே கத்தினான். தலையில் அது மூன்றாவது அடி. இனி விளையாடவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு கிழமை கழித்து அவன் என் கடைக்கு வந்தான். கண்ணாடி அளக்கிற கதிரையில் என் முன்னே இருந்தான். என் தொழில் கண், ஆகையால் எதையும் சோதிக்காமலே தெரிந்தது: நான் கதைக்கும்போது அவனுடைய கண் இரண்டும் என் முகத்தில் தங்கவில்லை. வடக்குப் பக்கத்தில் ஒரு கிளப் அவனை எடுக்கிறதாம், நான் மாற்றப் படிவம் எழுதித் தர வேண்டுமாம். படிவத்தில் உடல்நிலை பற்றி ஒரு பெட்டி இருக்கிறது. அதை வெறுமையாக விடச் சொன்னான். ஏழு வருடம் விளையாடினேனே, எனக்காக ஒரு பெட்டியை வெறுமையாக விட மாட்டாயா என்று கேட்டான். அந்தக் கேள்வி ஏன் என்னைச் சுட்டதென்றால், நான் ஏற்கெனவே ஒருமுறை அப்படிச் செய்தவன். இரண்டு வருடத்துக்கு முன், இரண்டாவது அடிக்குப் பிறகு, ஓய்வு நாள் முடியமுன்னமே அவன் பெயரைப் பட்டியலில் போட்டது நான்தான். அன்று எங்களிடம் பதினாறு பேர்தான் இருந்தார்கள். அவன் விளையாடினான். நாங்கள் வென்றோம். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள்.

இந்த முறை பெட்டியை நிரப்பினேன். மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். அந்தக் கிளப் பின்வாங்கிவிட்டது. நேதன் கப்டன் பெனியனைக் கடை மேசையில் எறிந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. அடுத்த நாலு போட்டியும் தோற்றோம், அணியில் சிலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனி கடைசியில் எம்மா வாசிப்புக் கண்ணாடி வாங்க வந்தாள். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

"கிழமைக்கு இரண்டு தரம் அடுப்பை நிப்பாட்ட மறக்கிறார், என்ரை தாயின்ரை பெயரை மறக்கிறார். உங்களிலை இருக்கிற கோபத்தை மட்டும் ஒரு நாளும் மறக்கேல்லை."

கேக் கடை

பிரியாவிடைக்குக் கேக் வாங்குவதும் என் பொறுப்புத்தான். மிச்சம் ஊரில் எங்கள் ஆட்களின் பேக்கரி ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கிற வசந்திக்கு என் முகம் நல்ல பழக்கம். ஆடி மாதம் ஒரே கிழமையில் மூன்று பேர் போனார்கள். ஒருவனுக்கு விசா முடிந்தது, ஒருவனுக்கு டுபாயில் வேலை கிடைத்தது, ஒருவன் காரணம் சொல்லவில்லை. மூன்றாவது கேக்குக்குப் போனபோது வசந்தி என்னைக் கண்டதும் எழுதுகிற கிறீமைக் கையில் எடுத்துவிட்டாள். பெயரைச் சொன்னேன். எழுதி முடித்துப் பெட்டியை மூடிக்கொண்டு கேட்டாள்:

"அண்ணை, பெயர் எழுதாமல் ஒண்டு செய்து வைக்கட்டோ? போறது ஆரெண்டு கடைசி நேரத்திலை நீங்கள் வந்து சொன்னாலும் காணும்."

நடு ஆள்

அந்த மூவரில் விசா முடிந்தவன் பென். ஆறடி ஏழங்குலம். நடுவர் பந்தை மேலே எறியும்போது நடுவில் நின்று எட்டித் தட்டுகிறவன். உயரமான ஆள் இல்லாவிட்டால் இந்த விளையாட்டில் பந்தையே காண முடியாது. பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தான். பிள்ளைகளுக்கு அவன் என்றால் உயிர். பள்ளிக்கூடம் அவனை வைத்திருக்க விரும்பித்தான் விண்ணப்பித்தது. நானும் கிளப்பின் பெயரில் இரண்டு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். விசா கொடுக்கிறவர்கள் மறுத்துவிட்டார்கள்.

கடைசி நாள் பயணப் பெட்டியோடு நேரே திடலுக்கு வந்து, மூன்று பகுதி விளையாடி, நாலாவது பகுதி தொடங்கும்போது சேறு காய்ந்த காலோடு டிராமில் ஏறினான். அவன் போகும்போது இரண்டு கோல் முன்னால் நின்றோம், முடியும்போது ஐந்து கோலால் தோற்றோம். டிராம் போன திசையைப் பார்த்தபடி நின்ற கிரெக், ஐந்தடி நாலங்குலமான என்னை மேலிருந்து கீழே ஒருமுறை அளந்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு ஒரு உயரமான ஆளைக் கொண்டு வா, குக். இல்லாட்டி வாற சனி நடுவிலை நீதான் நிக்கோணும்."

பார்க்கிங்கிலிருந்து ஒருவன்

எங்கள் லீக்கில் ஒவ்வொரு அணியிலும் அவுஸ்திரேலியர் அல்லாத சிலர் விளையாட வேண்டும் என்று ஒரு விதி. அப்படிக் கிடைத்தவன் அஜந்தன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற பகுதியில் பிறந்து வளர்ந்தவன், இருபத்துமூன்று வயது, ஆஸ்பத்திரியில் பிசியோ உதவியாளர். வாய் முழுக்க ஆங்கிலம், இடையில் எனக்கு மட்டும் ஒரு 'மாமா'. கூடைப்பந்து விளையாடிப் பழகியதால் அவன் எழும்பினால் இறங்க நேரமெடுக்கும். பயிற்சிக்கு ரயிலும் டிராமும் மாறி இரண்டு மணித்தியாலம் வருவான். நான்தான் அவனுடைய விளையாட்டைப் படம் பிடித்து, மெல்பேண் கிளப் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். அனுப்பும்போது பெருமையாக இருந்தது. எங்கள் பெடியன் ஒருவனை அங்கே பார்க்கட்டும் என்று நினைத்தேன். பதில் வருமென்று நினைக்கவில்லை. ஆடியில் வந்தது. அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம், தங்க இடம், வேலை, எல்லாம்.

அடுத்த சனிக்கிழமை திடலோரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். அஜந்தனின் தகப்பன் தர்மலிங்கம் அண்ணை. மகன் விளையாடுவதைப் பார்க்க அன்றுதான் முதன்முதலாக வந்தார். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், ஆறும்வரை கையில் வைத்திருந்தார். அஜந்தன் ஒருவனின் தோளில் முழங்கால் ஊன்றி எழும்பிப் பந்தைப் பிடித்தபோது திடலே கத்தியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "விழுந்தால் ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், இரண்டு வருடம்தானே, அவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இனிக் கிடைக்காது என்று, வழமையாகப் பெடியன்களின் பெற்றோருக்கு நான் சொல்கிற எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அது பாடம். இடைமறிக்காமல் கேட்டார்.

அஜந்தன் புரட்டாதியில் போய்விட்டான். அங்கே நன்றாகவே விளையாடுகிறான் என்று செய்தி. விமான நிலையத்துக்குத் தாயும் தங்கையும் வந்தார்கள். தகப்பன் வரவில்லை. வேலை என்றார்கள். நான் அவரைப் பிறகு காணவில்லை. அன்று திடலில், என் பேச்செல்லாம் முடிந்தபின், தேத்தண்ணிக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை:

"என்ரை அண்ணனையும் ஒருத்தர் வீட்டை வந்து பெயர் எழுதி இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அவரும் உங்களைப் போலை நல்ல மரியாதையாத்தான் கதைச்சவர், தம்பி."

ஷோன்

ஷோன் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் அவன் இருந்தால் தோற்ற அணியும் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகும். விசா முடிந்து ஊருக்குப் போனான். போகும்போது, இங்கே பிறந்த பாட்டியின் பிறப்புச் சான்றிதழை வைத்து வேறு விசா எடுத்துத் திரும்பி வருவேன், என் பெயரை வெட்டாதே என்றான். நான் வெட்டவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவு என்ன என்று கேட்டுச் செய்தி அனுப்புவான். நான் பதில் போடுவேன். தோற்றால் அழுகிற முகமும் வென்றால் ஒரு கட்டைவிரலும் அனுப்புவான். அவ்வளவுதான் எங்கள் கதை. ஆவணியில் இரண்டு சனிக்கிழமை செய்தி வரவில்லை. பருவம் முடிகிற அமளியில் நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது கிழமை கிரெக்குக்கு அழைப்பு வந்தது. ஷோன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். வேலை இல்லை, ஒருவரோடும் சேர்வதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று அவன் தமக்கை சொன்னாளாம். எனக்கு அவன் அனுப்பிய கடைசிச் செய்தி அழுகிற முகம். அந்தக் கிழமை நாங்கள் தோற்றிருந்தோம். அது எங்களுக்காக அழுதது என்றுதான் நான் நினைத்தேன்.

ஐப்பசியில் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. விளையாடாதவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கி, ஒவ்வொருவருக்கும் காரணம் காட்ட வேண்டுமாம். கணினியில் காரணங்கள் வரிசையாக வரும்: வேறு கிளப், நாடு திரும்பினார், காயம், ஓய்வு, மற்றவை. அலுவலகத்தை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல பிள்ளை ஒருத்தி, வருத்தம் தெரிவித்துவிட்டு, 'மற்றவை' என்பதைத் தெரிவு செய்யச் சொன்னாள். கடை மூடுகிற நேரம் கிரெக் வந்தார். திரையில் ஷோனின் படம் இருந்தது, பதிவுக்காக நானே எங்கள் கடைச் சுவரோடு நிறுத்தி எடுத்த படம். முப்பத்தேழு பெயரை நீக்கியிருந்தேன். இந்த ஒன்றில் ஒரு மணித்தியாலமாக நிற்கிறேன் என்றேன். கிரெக் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கடைசியில் கணினியின் மூடியை அவரே சாத்திவிட்டுச் சொன்னார்:

"விடு, குக். ஒருத்தன் எண்டாலும் எங்களை விட்டுப் போகாமல் இருக்கட்டும்."

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பத்து வருடத்தில் இந்தக் கிளப்புக்கு நான் நிரந்தரமாகப் பிடித்துக் கொடுத்த ஒரே ஆள், பந்தை நேராக உதைக்கவும் தெரியாத நான்தான்.